ஓட்டைப் புராணம்

பாயிரம்

எந்தப் புராணத்துக்கும் முதலில் காப்புச் செய்யுள் வேண்டும். இந்தப் புராணத்துக்குக் காப்பு ஆன்ட்டிவைரஸ். அதன் லைசென்ஸ் போன மார்ச்சோடு முடிந்துவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் யாருடைய இன்பாக்ஸிலோ கிடக்கிறது. ஆகவே காப்பு இல்லாமலே தொடங்குவோம்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் காலாற நடந்தால் ஆஸ்பத்திரி, ஸ்கேன் சென்டர், நகைக்கடை, ஆடிட்டர் ஆபீஸ், மறுபடி ஆஸ்பத்திரி. ஒவ்வொரு கட்டடத்திலும் மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வர். சர்வருக்குப் பக்கத்தில் யு.பி.எஸ். யு.பி.எஸ். மேல் போன ஆயுத பூஜைக்கு வைத்த எலுமிச்சம்பழம். நெடுநாளாக இவ்வளவுதான் பாதுகாப்பு ஏற்பாடு.

இப்போது கழுத்தில் ஐ.டி. கார்டு போட்ட தம்பிகள் இரண்டு கொட்டேஷனோடு படியேறி வருகிறார்கள். ஒன்று வல்னரபிலிட்டி மேனேஜ்மென்ட்: உங்கள் கம்ப்யூட்டர்களில் எங்கெங்கே ஓட்டை என்று தேடிப் பட்டியல் போடும். இன்னொன்று செக்யூரிட்டி ஆட்டோமேஷன்: ஆபத்து வந்தால் ஆளுக்காகக் காத்திருக்காமல் தானே நடவடிக்கை எடுக்கும். இரண்டில் எதை வாங்குவது என்று முதலாளிகள் கேட்கிறார்கள். உலகமும் வெகு காலமாக இதையேதான் கேட்கிறது. அது பட்ட பாட்டைப் படலம் படலமாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் செக்கில் கையெழுத்துப் போடலாம்.

கூரைப் படலம்

முதல் படலம் நம்ம ஊர் ஜங்ஷனில் தொடங்குகிறது. 2016 ஆகஸ்ட் 8, திங்கட்கிழமை இரவு. சேலம் – சென்னை எழும்பூர் எக்ஸ்பிரஸில் ஒரு பார்சல் பெட்டி நிறையப் பணம். வங்கிகளில் சேர்ந்த பழைய நோட்டுகள், ரிசர்வ் வங்கிக்குப் போகின்றன. மொத்தம் சுமார் 342 கோடி ரூபாய். மரப்பெட்டிகளில் அடைத்து, கதவைப் பூட்டி, பூட்டுக்குச் சீல் வைத்து, துணைக்குத் துப்பாக்கியோடு போலீஸையும் அதே வண்டியில் ஏற்றியிருந்தார்கள். ஆடிட் ரிப்போர்ட் போட்டிருந்தால் எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக் விழுந்திருக்கும்.

சேலத்தில் இருந்து விருத்தாசலம் வரை அப்போது மின்பாதை கிடையாது. டீசல் எஞ்சின்தான். தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி ஓடாத இடத்தில் ரயில் கூரை வெறும் மொட்டைமாடி. அதைக் கவனித்தவர்கள் திருடர்கள் மட்டுமே. கூரையில் ஏறினார்கள். ஓர் ஆள் இறங்கும் அளவுக்குத் தகரத்தை அறுத்தார்கள். 5 கோடியே 78 லட்சத்தை எடுத்து, லுங்கியில் மூட்டை கட்டி வெளியே கடத்தினார்கள் என்று பின்னாளில் சி.பி.சி.ஐ.டி. சொன்னது. விருத்தாசலத்தில் எஞ்சின் மாற்றினார்கள், கொடி காட்டினார்கள். வண்டி விடிகாலையில் எழும்பூர் போய்ச் சேர்ந்தது. முற்பகலில் அதிகாரிகள் கதவைத் திறந்தபோது உள்ளே நல்ல வெளிச்சம். பார்சல் பெட்டிக்குள் சூரிய வெளிச்சம் வரக்கூடாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

கதவுக்குப் போட்ட காவலில் குறை சொல்ல முடியாது. கூரை என்ற கேள்வியே கேள்வித்தாளில் இல்லை.

பிறகு இரண்டு வருஷத் தேடல். நாசாவின் செயற்கைக்கோள் படம் வரைக்கும் கேட்டு வாங்கியதாகச் செய்தி வந்தது. விருத்தாசலம் போகிற வண்டியின் கூரையில் என்ன நடந்தது என்று பார்க்க அமெரிக்காவின் விண்வெளி நிறுவனம் வேண்டியிருந்தது. புறப்படும் முன் ஏணி போட்டு ஏறிப் பார்க்க சேலத்திலேயே ஆள் கிடைத்திருப்பார். 2018 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துக் கும்பல் ஒன்று பிடிபடத் தொடங்கியது.

நடுவில் திருடர்களுக்கும் ஒரு சோதனை. சரியாக மூன்று மாதம் கழித்து, 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டி.வி.யில் வந்து 500, 1000 ரூபாய் நோட்டு இனி செல்லாது என்றார். திருட்டுப் போன சரக்கை டெல்லியில் இருந்தபடியே செல்லாக்காசாக்கும் இந்த வசதியைத்தான் இன்றைக்கு ரிமோட் வைப் என்று தனி பில் போட்டு விற்கிறார்கள்.

பூதமும் பேயோட்டியும் படலம்

இனி உலக சரித்திரம். 1971-ல் அமெரிக்காவில் பி.பி.என். என்ற கம்பெனியில் பாப் தாமஸ் என்பவர் க்ரீப்பர் என்று ஒரு புரோகிராம் எழுதினார். அது ஆர்ப்பாநெட் வலையில் ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றுக்குத் தாவி, முடிந்தால் என்னைப் பிடி என்று எழுதிக் காட்டும். திருடவில்லை, அழிக்கவில்லை, கண்ணாமூச்சி ஆடக் கூப்பிட்டது, அவ்வளவுதான். அதே கம்பெனியில் ரே டாம்லின்சன் ரீப்பர் என்று இன்னொன்று எழுதினார். அது க்ரீப்பரைத் துரத்திப் போய் அழித்தது. இ-மெயிலில் @ குறியைக் கொண்டுவந்த அதே டாம்லின்சன்தான். உலகின் முதல் செக்யூரிட்டி ஆட்டோமேஷன் ரீப்பர்தான் என்று சொல்லலாம். பூதமும் பேயோட்டியும் ஒரே ஆபீஸ் ஊழியர்கள். யாரும் யாருக்கும் பில் அனுப்பவில்லை. அந்த அப்பாவித்தனம் அதோடு சரி.

1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மோரிஸ் ஒரு புழுவை இணையத்தில் விட்டார். சென்ட்மெயிலில் ஒரு ஓட்டை, ஃபிங்கர் சேவையில் ஒரு ஓட்டை, எளிதாக ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு என்று பல வாசல். 'நான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறேன்' என்று ஒரு மெஷின் சொன்னால் திரும்பிவிட வேண்டியதுதானே? மோரிஸ் மெஷினை நம்பவில்லை. ஏழில் ஒரு தடவை அந்தப் பதிலைக் கண்டுகொள்ளாமல் நுழை என்று எழுதிவைத்தார். புழு ஒரே கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்பப் புகுந்து அதைத் திணறடித்தது. அன்றைய இணையத்தில் இருந்த சுமார் 60,000 கம்ப்யூட்டரில் 6,000 படுத்துவிட்டதாக மதிப்பிட்டார்கள்.

மோரிஸின் அப்பா அப்போது அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு விஞ்ஞானி. வீட்டுக்கு வீடு வாசப்படி. பையனுக்கு மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பின்னாளில் அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார். அந்தப் புழு போட்ட ஆட்டத்தால்தான் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சி.இ.ஆர்.டி. என்ற அவசர உதவி மையம் பிறந்தது. நம் நாட்டில் அதே வேலையைச் செய்கிற செர்ட்-இன் 2004-ல் வந்தது.

சாத்தான் படலம்

அடுத்தவன் ஓட்டை வழியாக வரும் முன் நாமே நம் ஓட்டையைத் தேடினால் என்ன? இந்த நல்ல யோசனை டான் ஃபார்மர், வீட்ஸே வெனெமா என்ற இரண்டு பேருக்கு வந்தது. 1995 ஏப்ரலில் அவர்கள் ஒரு கருவியை இலவசமாக வெளியிட்டார்கள். ஒரு நெட்வொர்க்கைக் காட்டினால் போதும், என்னென்ன கதவு திறந்து கிடக்கிறது என்று அது பட்டியல் தரும். பெயர் சேட்டன், அதாவது சாத்தான். ஆங்கில முதலெழுத்துகளை அப்படி வரும்படி கோத்திருந்தார்கள்.

திருடனுக்குக் கன்னக்கோலை இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் அலறின. ஃபார்மர் அப்போது சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். இந்தச் சர்ச்சையில் வேலை போயிற்று. பெயர் பிடிக்காத பக்திமான்களுக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். 'ரிப்பென்ட்' என்ற சின்ன நிரலை ஓட்டினால் சாத்தான் மனந்திரும்பி எல்லா இடத்திலும் சாண்டாவாக, அதாவது கிறிஸ்துமஸ் தாத்தாவாக, மாறிவிடுவார். சாஃப்ட்வேர் சரித்திரத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒரே ஸ்கேனர் இதுவாகத்தான் இருக்கும்.

சாத்தான் வந்ததால் உலகம் அழியவில்லை. 1998-ல் ரெனோ டெரேசான் என்ற பிரெஞ்சு இளைஞர் நெஸ்ஸஸ் என்ற ஸ்கேனரை இலவசமாக விட்டார். 1999-ல் குவாலிஸ் வந்தது. 2000-ல் ரேபிட்7. 2002-ல் நெஸ்ஸஸைச் சுற்றி டெனபிள் என்ற கம்பெனி எழுந்தது. 2005-ல் நெஸ்ஸஸின் அடுத்த பதிப்புக்குக் கதவு சாத்தி மூலநிரலை மூடினார்கள். கோபித்துக்கொண்டவர்கள் பழைய நிரலை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். அந்தக் குடித்தனம்தான் இன்றைய ஓப்பன்வாஸ். இன்று ஃபேர்லேண்ட்ஸுக்கு வருகிற கொட்டேஷன்களில் இந்தப் பெயர்களில் ஒன்றாவது இருக்கும். 1995-ல் செய்தவருக்கு வேலை போன அதே காரியத்துக்கு இன்று ஆண்டுச் சந்தா.

எண் போட்ட படலம்

ஸ்கேனர்கள் பெருகியதும் ஒரு குழப்பம். ஒரே ஓட்டைக்கு ஒரு கம்பெனி ஒரு பெயர் சொன்னது, இன்னொன்று வேறு பெயர் சொன்னது. 1999-ல் மைட்டர் என்ற அமெரிக்க நிறுவனம் ஒவ்வொரு ஓட்டைக்கும் சி.வி.இ. எண் கொடுக்க ஆரம்பித்தது. முதல் பட்டியலில் 321 ஓட்டைகள். பிறகு ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்று சி.வி.எஸ்.எஸ். மதிப்பெண்ணும் வந்தது. பள்ளிக்கூடத்தில் பத்துக்குப் பத்து வாங்கினால் மிட்டாய். இங்கே பத்துக்குப் பத்து வாங்கிய லாக்4ஷெல் 2021 டிசம்பரில் உலகத்து ஐ.டி. ஆட்களின் கிறிஸ்துமஸ் விடுமுறையைச் சாப்பிட்டது.

ஓட்டையை அடைக்கும் பேட்சுகளை மைக்ரோசாஃப்ட் கண்ட கண்ட நேரத்தில் விட்டுக்கொண்டிருந்தது. 2003 அக்டோபரில் இருந்து மாதத்தின் இரண்டாம் செவ்வாய் என்று நாள் குறித்தது. செவ்வாயோ வெறுவாயோ என்று நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுகிற ஊர்தான் நம்முடையது. ஆனால் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கென்று செவ்வாய்ப்பேட்டையையே எழுதிவைத்ததும் இதே ஊர்தான். அமெரிக்காவின் செவ்வாய் நமக்கு வந்து சேரும்போது ராத்திரி ஆகிவிடும். ஆக, நமக்குப் பேட்ச் கிழமை புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெரியவர்கள் இதற்காகத்தான் சொன்னார்கள் என்று யாராவது யூடியூபில் விளக்கினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

321-ல் தொடங்கிய பட்டியலில் 2024 என்ற ஒரே வருஷத்தில் 40,000-க்கு மேல் புது எண்கள் சேர்ந்தன. தினம் நூற்றுக்கு மேல். நாமக்கல்லில் முட்டை விலை மாதிரி காலையில் எழுந்ததும் பார்க்க வேண்டியதாகிவிட்டது. 2025 ஏப்ரலில் இன்னொரு கூத்து. எண் கொடுக்கிற மைட்டரின் அரசு ஒப்பந்தம் ஏப்ரல் 16-ஆம் தேதி முடிகிறது, நீட்டிப்பதாக உத்தரவு இல்லை. உலகம் முழுக்க ஓட்டைக்கணக்குப் பிள்ளைகள் நெஞ்சில் கை வைத்தார்கள். கடைசி நேரத்தில் 11 மாதம் நீட்டித்தார்கள். ஓட்டைப் பட்டியலையே எழுத ஆள் இருக்குமா என்ற ஓட்டைக்கு எந்த எண் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

நானூறு பேர் படலம்

2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் பெரிய ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் கடன் தகவல் சேமிக்கும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் போயிற்று. அவர்கள் சும்மா இருக்கவில்லை. 400-க்கு மேற்பட்ட ஊழியர்களுக்கு மெயில் போட்டார்கள்: 48 மணி நேரத்தில் அடையுங்கள். ஊருக்கெல்லாம் சொன்ன வேலையை யார் செய்வார்கள்? அவர் செய்வார் என்று இவர், இவர் செய்வார் என்று அவர். ஒரு வாரத்தில் ஸ்கேனரும் ஓட்டிப் பார்த்தார்கள். ஸ்கேனர் ஒன்றும் இல்லை என்றது. ஓட்டை இருந்த இடத்தை அது பார்க்கவே இல்லை.

மே மாதம் திருடர்கள் வந்தார்கள், ஜூலைக் கடைசி வரை தங்கினார்கள். வெளியே போகும் டேட்டாவைக் கவனிக்க ஒரு கருவி இருந்தது. அதன் சான்றிதழ் 19 மாதம் முன்பே காலாவதியாகியிருந்ததாக அமெரிக்க நாடாளுமன்றக் குழு எழுதியது. சான்றிதழைப் புதுப்பித்த அன்றே திருட்டு கண்ணில் பட்டது. சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரம் போயிருந்தது. நாடாளுமன்றத்தில் முன்னாள் தலைமை அதிகாரி, பேட்ச் போடச் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு ஆள் என்றார். நானூறு பேருக்கு மெயில், பழி மட்டும் ஒருத்தருக்கு. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கமே எழுந்து நின்று வணங்க வேண்டிய நிர்வாகம்.

அதே 2017. என்.எஸ்.ஏ. மறுபடி வருகிறது. விண்டோஸில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் தன் உபயோகத்துக்குப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. அந்தப் பத்திரமே திருட்டுப் போனது. மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ல் பேட்ச் விட்டது. மே 12-ல் அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற வைரஸ் கிளம்பியது. நடுவில் 59 நாள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் படுத்தன. நம்ம ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலையும் அடி வாங்கியது. பேட்ச் இலவசம். போடுவதற்கு 59 நாள் அவகாசமும் இலவசம். அது பரவாமல் தடுத்தவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர். வைரஸ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இணையப் பெயரை 10.69 டாலர் கொடுத்துத் தன் பெயரில் பதிவு செய்தார். உலகம் பிழைத்தது.

பிரிண்டர் படலம்

2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் ஒரு பிரிண்டர் வேலை செய்யவில்லை. பிரிண்டர் என்றால் மக்கர் செய்யத்தானே செய்யும் என்று விட்டார்கள். வங்கிகளை இணைக்கும் ஸ்விஃப்ட் வலை வழியாகப் போன பணப் பரிமாற்றங்களை அச்சடிக்கும் பிரிண்டர் அது. திருடர்கள் அதைத்தான் முதலில் ஊமையாக்கியிருந்தார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் போயிற்று. 2 கோடி டாலர் இலங்கையில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கிளம்பியது. ஃபவுண்டேஷன் என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஃபாண்டேஷன் என்று அடித்துவிட்டார்கள். நடுவில் இருந்த வங்கி சந்தேகப்பட்டுக் கேட்டது. பணம் நின்றது.

இரண்டு வருஷம் கழித்து, 2018 பிப்ரவரி, கும்பகோணம். 1904-ல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி. பிப்ரவரி 6 அன்று ஸ்விஃப்ட்டோடு இணைந்த பிரிண்டர் அங்கேயும் வேலை செய்யவில்லை. துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசைக்கு மூன்று பரிமாற்றம், சுமார் 20 லட்சம் டாலர். மறுநாள் காலையில் கணக்கை ஒத்துப் பார்த்தபோது, அனுப்பாத பணம் போயிருப்பது தெரிந்தது. துபாய்க்குப் போன 5 லட்சம் டாலரை வழியிலேயே தடுத்துவிட்டார்கள். பிடித்தது எந்த ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸும் இல்லை. தினமும் காலையில் வரவு செலவைச் சரிபார்க்கிற பழைய பழக்கம். கும்பகோணத்தில் இன்னும் அந்தப் பழக்கம் இருந்தது வங்கிக்கு நல்ல காலம்.

அடுத்த வருஷம் கூடங்குளம். 2019 செப்டம்பரில் அணுமின் நிலையத்து நெட்வொர்க்கில் கிருமி இருப்பதாகச் செர்ட்-இன் தகவல் கொடுத்தது. அக்டோபர் 29 அன்று நிலையம் அறிக்கை விட்டது: எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பு தனியானது, சைபர் தாக்குதல் நடக்கவே முடியாது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் அறிக்கை விட்டது: நிர்வாக நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரில் கிருமி இருந்தது உண்மைதான். இரண்டு அறிக்கையும் பொய்யில்லை. ஒருவர் அணு உலையைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் ஆபீஸைப் பற்றிச் சொன்னார். சேலம் வண்டியில் கதவைப் பற்றி மட்டும் அறிக்கை கேட்டிருந்தால் அதுவும் இப்படித்தான் வந்திருக்கும்.

காவலாளி படலம்

ஓட்டையை அடைக்கும் கருவியிலேயே ஓட்டை இருந்தால்? இருக்கும். அதுவும் மென்பொருள்தானே. நம்ம தமிழ்நாட்டு ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு பேட்ச் போடும் கருவிகளை உலகத்துக்கே விற்கிறது. 2021-ல் அதன் பாஸ்வேர்டு மாற்றும் மென்பொருளில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. செப்டம்பரிலேயே அதற்குப் பேட்ச் விட்டார்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. உட்பட மூன்று அமைப்புகள் சேர்ந்து, உடனே போடுங்கள் என்று எச்சரித்தன. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் போடவில்லை. 5 லட்சத்து 15 ஆயிரம் பேரின் விவரம் திருட்டுப் போனது. பேட்சைச் சரியான நேரத்தில் போடவில்லை என்று அந்தச் சங்கமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இதனால் மேனேஜ்எஞ்சின் மட்டம், அமெரிக்கச் சரக்கு உசத்தி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கச் சரக்கின் கதை அடுத்த படலம்.

தானியங்கிப் படலம்

ஆள் போடமாட்டான், மறப்பான், லீவில் போவான். மெஷினே பார்த்து மெஷினே செய்தால்? இந்த ஆசையில் பிறந்ததுதான் செக்யூரிட்டி ஆட்டோமேஷன். இன்ன எச்சரிக்கை வந்தால் இன்ன கணக்கை முடக்கு, இன்ன மெஷினைத் தனிமைப்படுத்து என்று பிளேபுக் எழுதிவைத்தால் அதுவே ஓடும். ஃபேன்டம் என்ற கம்பெனியை 2018-ல் ஸ்பிளங்க் 35 கோடி டாலருக்கு வாங்கியது. 2019-ல் டெமிஸ்டோவை பாலோ ஆல்ட்டோ 56 கோடி டாலருக்கு வாங்கியது. இந்த வகைக்கு சோர் என்று பெயர் வைத்துக் கொண்டாடிய கார்ட்னர் நிறுவனம், 2024-ல் காயிலேயே வெம்பிய வகை என்று அதே சோரைக் கழித்துக்கட்டியது. பெயர் சூட்டியவரே கருமாதிக்கும் பத்திரிகை அடித்தார்.

தானே இயங்குவது தப்பாக இயங்கினால் என்ன ஆகும்? 2010 ஏப்ரல் 21 அன்று மெக்அஃபீ ஆன்ட்டிவைரஸ் தானாக ஒரு அப்டேட் இறக்கியது. அது விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான சொந்த ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று நினைத்துப் பிடித்தது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிச் சுற்றின. அப்போது மெக்அஃபீயின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஜார்ஜ் கர்ட்ஸ். அவர் வெளியே வந்து கூட்டாளிகளோடு தொடங்கிய கம்பெனி கிரவுட்ஸ்ட்ரைக்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை காலை, நம் நேரம் 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் தானாக ஒரு ஃபைலை உலகத்துக்கு அனுப்பியது. புது விதி 21 விவரம் எதிர்பார்த்தது, மென்பொருள் 20-தான் கொடுத்தது. இல்லாத இருபத்தோராவதைத் தேடப் போன விண்டோஸ் நீலத் திரையோடு விழுந்தது. 78 நிமிஷத்தில் ஃபைலை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் 85 லட்சம் கம்ப்யூட்டர். நம் நாட்டு விமான நிலையங்களில் இண்டிகோ கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தது. கெடுத்தது தானியங்கி. சரிசெய்தது கை. ஒவ்வொரு மெஷினுக்கும் ஆள் போய், சேஃப் மோடில் திறந்து, அந்த ஃபைலை அழித்து, அடுத்த மெஷினுக்கு நகர வேண்டியிருந்தது.

ஃபேர்லேண்ட்ஸ் படலம்

இத்தனையும் கேட்டபின் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சர்வருக்கு வருவோம். கொட்டேஷன் தம்பி லேப்டாப்பைத் திறந்து, 'சார், எல்லாத்தையும் சிங்கிள் பேன் ஆஃப் கிளாஸ்ல காட்டுவோம்' என்பார். முதலாளி, 'கண்ணாடிங்களா தம்பி? நம்ம ஷோரூம் பூராவும் கண்ணாடிதானுங்க. ரேட்டைச் சொல்லுங்க' என்பார். அடுத்து இலவச ஸ்கேன். மறுநாள் எண்பது பக்க ரிப்போர்ட் வரும், பாதிக்கு மேல் சிவப்பு. மேனேஜர் அதைப் பயபக்தியோடு ஸ்பைரல் பைண்டிங் போட்டு பீரோவில் வைப்பார். பீரோவுக்குப் பூட்டும் உண்டு. இந்த இடத்தில் முதலாளி கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதல் கேள்வி: உங்கள் கருவிக்கு என் கட்டடத்தில் எது தெரியாது? கேமரா டி.வி.ஆர்., கைரேகை வருகைப்பதிவு, வைஃபை ரூட்டர், ஸ்கேன் மெஷினோடு வந்த பழைய விண்டோஸ் 7 இவையெல்லாம் கருவியின் ஏஜென்ட் மென்பொருளைப் போட முடியாத இடங்கள். வெளியில் இருந்து தட்டிப் பார்க்கும் ஸ்கேன் பாதி ஓட்டையைக் காணாது. உள்ளே லாகின் கொடுத்துப் பார்க்கும் ஸ்கேன்தான் உருப்படி. பேட்ச் போட முடியாத ஸ்கேன் மெஷினை பில்லிங் நெட்வொர்க்கில் இருந்து பிரித்துத் தனியாக வைக்க வேண்டும். அதற்குச் சாஃப்ட்வேர் வேண்டாம், ஒரு நல்ல நெட்வொர்க் டெக்னீஷியன் போதும்.

இரண்டாவது: எண்பது பக்கத்தில் இன்றைக்கு எதை அடைக்க வேண்டும்? பத்துக்குப் பத்து மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். திருடர்கள் நிஜமாகவே பயன்படுத்துகிற ஓட்டைகளை அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 முதல் தனிப் பட்டியலாக இலவசமாக வெளியிடுகிறது. அந்தப் பட்டியலோடு பொருத்திக் காட்டுகிற கருவி எண்பது பக்கத்தை இரண்டு பக்கமாக்கும்.

மூன்றாவது: கண்டுபிடித்த பிறகு யார் அடைப்பது? நெஸ்ஸஸ் கண்டுபிடித்துச் சொல்லும், பேட்ச் போடாது. குவாலிஸில் பேட்ச் தனிப் பகுதி, தனிக் காசு. மேனேஜ்எஞ்சின் வகைக் கருவிகள் கண்டுபிடிப்பதையும் அடைப்பதையும் ஒரே இடத்தில் செய்யும். ஓப்பன்வாஸ் இலவசம், ஆனால் அதை நிறுவி, ரிப்போர்ட்டைப் படித்துப் புரிந்துகொள்கிற ஆளின் சம்பளம் இலவசம் இல்லை.

நான்காவது: தானியங்கியை எங்கே விடலாம்? பிரவுசர், ஆபீஸ் மென்பொருள், ஊழியர் லேப்டாப் இவற்றில் தாராளமாக விடுங்கள். சந்தேகமான லேப்டாப்பை அது நடுராத்திரியில் துண்டித்தாலும் நஷ்டமில்லை. சர்வர் என்றால் முதலில் ஒன்றிரண்டு மெஷினில் போட்டுப் பார்த்து, ஒருநாள் கழித்து மற்றவற்றுக்கு. ஐ.சி.யு. சம்பந்தப்பட்ட எதையும் மனிதர் ஒருவர் சரி என்று அழுத்தாமல் மெஷின் தொடக்கூடாது. முழு சோர் என்பது எச்சரிக்கைகளை ஷிஃப்ட் போட்டுப் பார்க்க ஆள் வைத்திருக்கும் கம்பெனிக்கு. நாற்பது கம்ப்யூட்டர் நகைக்கடைக்கு அது தண்டம்.

எதுவுமே வேண்டாம் என்று இருப்பவர்களுக்கும் சட்டம் வந்துவிட்டது. 2022 ஏப்ரல் உத்தரவுப்படி சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்தில் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தகுந்த பாதுகாப்பு வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. சேலம் வண்டியில் போனது ஆறு கோடிகூட இல்லை.

நூற்பயன்

இந்தப் புராணத்தைப் படித்தவர்க்கும் படிக்கக் கேட்டவர்க்கும் கிடைக்கும் பலன் வருமாறு. நூறு கம்ப்யூட்டருக்கு உட்பட்ட கடையோ ஆஸ்பத்திரியோ என்றால், கண்டுபிடிப்பதும் அடைப்பதும் ஒரே பில்லில் வருகிற கருவி ஒன்று போதும். ஆட்டோமேஷன் அதற்குள் இருக்கிற அளவு போதும். பேக்கப் எடுத்தால் மட்டும் பற்றாது, மாதம் ஒரு தடவை அதைத் திறந்து பாருங்கள். ஓட்டை அடைக்கும் பொறுப்பு இன்னாருடையது, அவர் லீவென்றால் இன்னாருடையது, இத்தனை நாளுக்குள் என்று ஒரு தாளில் இரண்டு பெயரும் ஒரு எண்ணும் எழுதி, சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள் இருக்கிற ஆபீஸில் எந்தக் கம்பெனிக் கருவியும் வேலை செய்யும். இல்லாத ஆபீஸில் உலகத்தின் நம்பர் ஒன் கருவியும் எண்பது பக்க ரிப்போர்ட் போடுவதோடு சரி.